லூஸ் காண்டாக்ட்

தெருவுக்கே கரண்டு வந்து கால்மணி ஆகியும்
இந்த வீட்டுக்கு மட்டும் வருவதில்லை என்று
வீரணன்தான் என்னைக் கூப்பிட்டான்.
அண்ணன்காரன் வேலைதான், மெயின் அவன் பக்கம் இருக்கு,
தனி மீட்டர் வாங்கியாச்சு,
அறுத்து விட்ருங்க.

வில்லாபுரம், நாலாவது குறுக்குத் தெரு.
மாதாந்திரப் பராமரிப்பு நாள்.
ஒன்பதிலிருந்து ஐந்துவரை
லைனில் ஒன்றும் இருக்காது என்பது வாரியத்தின் வாக்கு.
வாக்கை நம்பி ஒயரைத் தொடுகிறவன்
எங்கள் தொழிலில் அதிகநாள் இருப்பதில்லை.

நடுவில் சுவர் எழுப்பிய வீடு.
வாசல் இரண்டு. அடிபம்புக்கு முறை.
முருங்கையைக்கூட வெட்டிப் பங்கு தீர்த்திருந்தார்கள்.
சுவருக்குள் ஓடுகிற ஒயரை
பாகப் பத்திரத்தில் எழுத
யாருக்கும் தோன்றவில்லை.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.
பழக்கதோஷம், முள் மீட்டரையும் வைத்தேன்.
முள் துள்ளியது.
ஒன்பது வோல்ட்.
விழுந்தது. மறுபடி துள்ளியது.
மூன்று குட்டை, ஒரு நெட்டை.
கொஞ்சநேரம் சும்மா.
பிறகு முள் பூஜ்யத்துக்குக் கீழே சாய்ந்தது,
யாரோ பேட்டரியைத் திருப்பிப் பிடித்த மாதிரி:
நெட்டை, நெட்டை.

இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.
எலி கடித்த ஒயர் தெரியும். திருட்டுக் கொக்கி தெரியும்.
மழைக்கு ஊறிய சுவரில் கசியும் கரண்டு தெரியும்.
கசிவு இப்படிப்
பதிலுக்குக் காத்திருக்காது.

அடுப்படிக்குப் போனேன்.
கிரைண்டருக்குப் பின்னால், பிளக் பாயிண்டை ஒட்டி,
சம்மணமிட்டு பவளக்கொடி.
மடியில் சதுர பேட்டரி. பக்கத்தில்
பிள்ளையின் உடைந்த காரிலிருந்து பிடுங்கிய
சிவப்புப் பொட்டு விளக்கு.
அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:
அஞ்சு மணிக்குத்தானண்ணே கரண்டு?

ஆமா.
பீஸ் கட்டைய உருவாம இதச் செஞ்சா ஆள் காலி.

உருவியாச்சு. சுவிட்சு அம்புட்டையும் அணைச்சாச்சு.
கட்டை அக்காகிட்ட இருக்கு, அரிசி டப்பாவுல.

அந்தக் கால்மணி இதுதான்.
இந்தப் பக்கம் பேட்டரியை எடுத்தாயிற்று என்று
விளக்கு கடைசியாக ஒருமுறை சொன்ன பிறகே
அந்தப் பக்கம் தவச்செல்வி அரிசிக்குள் கைவிடுகிறாள்.
அதுவரை தெருவெல்லாம் டிவி பாட,
அண்ணன் தம்பி இருவரும் இருட்டில் உட்கார்ந்து
ஒருவரையொருவர் வைதுகொண்டிருக்கிறார்கள்.

யாரு சொல்லிக் குடுத்தது?
உள்ளங்கையை விரித்தாள். கருகிய தழும்பு.
ஒருதடவ அடிச்சுச்சு. அதுதான் சொல்லிக் குடுத்துச்சு.

போன்ல பேசலாமே தாயி?
போன ராத்திரியில எடுத்துப் பாப்பாக.
சுவத்த யாரு பாக்குறா.

மூணு குட்டை, ஒரு நெட்டைன்னா?
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ருச்சான்னு.
ரெண்டு நெட்டை?
அவள் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
இன்னும் இல்ல, என்றாள்.
இதுவும் தீரப் போகுது.

வேலையைச் செய்தேன்.
இரண்டு மீட்டர், இரண்டு மெயின், தனித்தனி எர்த்.
பழைய ஜோடியை மெயினிலிருந்து கழற்றினேன்.
உருவிப் போட்டால் செம்புக்கு நல்ல காசு.
அப்படியே விட்டேன்,
அந்த அடுப்படியிலிருந்து இந்த அடுப்படிக்கு,
இனி எந்த டிரான்ஸ்பார்மரும் ஏறமுடியாத இரண்டு கம்பி.

என்ன கோளாறு என்று தம்பி வந்து கேட்டான்.
தம்பி போனதும் அண்ணன் வந்து கேட்டார்.
லூஸ் காண்டாக்ட், என்றேன் இருவரிடமும்.
அப்பவே நெனச்சேன், என்றார் அண்ணன்.

பில்லில் எழுதினேன்:
பழைய ஒயர், ஒரு ஜோடி, பதினோரு மீட்டர், சுவருக்குள்.
உபயோகமில்லை.

என் மீட்டருக்கென்று வாங்கிய புது பேட்டரி
பையில் இருந்தது, காலையில்.
டவுன்ஹால் ரோட்டில் கடை சாத்துமுன்
ஒரு எட்டு போகவேண்டும்.